எண்ணெய் தோய்ந்த தாள்

சென்ற வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை, ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளது பத்து வயது மகள் பாடசாலைக் கைப்பணிக்காகக் கடதாசி விளக்குக் கூடு ஒன்று செய்துகொண்டிருக்கிறாளாம்.

“சித்தப்பா, சாதாரண தாளில் சமையல் எண்ணெய் பூசினால் கடையில் விற்கிற வெலம் தாள் மாதிரி வரும் என்று சொன்னார்கள். பூசினோம், வந்தும் விட்டது. ஆனால் இரண்டு நாளாகியும் காயவில்லை. தொட்டால் கையெல்லாம் பிசுபிசுக்கிறது. என்ன பிழை விட்டோம்?” என்று கேட்டாள்.

“எண்ணெயில்தான் பிழை, பிள்ளை” என்று சொல்லி, என்ன எண்ணெய் வாங்க வேண்டும், எப்படிக் காயவிட வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துபோன உரையாடல் அது. ஆயினும் அன்று முழுவதும் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. அதே பிழையை முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நானும் விட்டிருக்கிறேன். அவளுக்குப் பழுதானது ஒரு விளக்குக் கூடு. எனக்குப் பழுதானது எது என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன்னர் எண்ணெயிட்ட தாளின் கதையைச் சொல்ல வேண்டும். நாம் நினைப்பதைவிட அது நீண்ட கதை.

வடை சுற்றிய தாள்

தேநீர்க் கடையில் வடை சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காத பத்திரிகைக்காரன் இருக்கமாட்டான். எண்ணெய் ஊறிய இடத்தில் முன்பக்கச் செய்தியும் பின்பக்க விளம்பரமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். எண்ணெய் படாத இடம் வெறும் தாளாகவே இருக்கும்.

இதன் காரணம் எளிமையானது. தாள் என்பது செலுலோசு நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு வலை. அந்த நார் தன்னளவில் ஏறக்குறைய நிறமற்றது. ஒளியை உள்ளே விடக்கூடியது. ஆனால் நார்களுக்கு இடையே காற்று நிரம்பிய எண்ணற்ற இடுக்குகள் உள்ளன. காற்றின் முறிவுச் சுட்டி 1. நாரினுடையது ஏறத்தாழ 1.5. ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறி மாறிச் செல்லும்போது ஒவ்வோர் எல்லையிலும் சிதறடிக்கப்படுகிறது. சிதறிய ஒளி திரும்பி நம் கண்ணுக்கு வருவதால் தாள் வெள்ளையாகத் தோன்றுகிறது. இடுக்குகளில் எண்ணெய் புகுந்ததும் காற்று வெளியேறுகிறது. தாவர எண்ணெய்களின் முறிவுச் சுட்டி 1.45 முதல் 1.48 வரை. நாருக்கும் எண்ணெய்க்கும் இடையே ஒளி பெரிய வேறுபாட்டைக் காண்பதில்லை. சிதறல் குறைகிறது, ஒளி மறுபுறம் கசிகிறது. தண்ணீரில் நனைந்த தாளும் ஓரளவு இப்படித்தான் ஆகும். ஆனால் தண்ணீர் ஆவியாகிவிடும், எண்ணெய் தங்கிவிடும்.

பாடசாலை ஆய்வுகூடத்துச் சுடரடுப்பினால் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஜேர்மனிய வேதியியலாளர் றொபேட் பன்சன், 19 ஆம் நூற்றாண்டில் இந்த எண்ணெய்க் கறையைக் கொண்டே ஓர் ஒளிமானியை உருவாக்கினார். தாளின் நடுவில் ஒரு கொழுப்புப் பொட்டு. இரு புறமும் இரண்டு விளக்குகள். ஒரு பக்க வெளிச்சம் கூடினால் பொட்டுக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரியும். இரு பக்கமும் சமமானால் பொட்டு மறைந்துவிடும். பௌதிகவியல் படித்தவர்களில் சிலருக்கு இந்தப் பரிசோதனை இப்போதும் நினைவிருக்கலாம்.

சென்னினியின் மூன்று வழிகள்

தாளுக்கு வேண்டுமென்றே எண்ணெயூட்டி ஒளிகசியச் செய்யும் முறையை விரிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் சென்னினோ சென்னினி. இத்தாலியின் தஸ்கனிப் பகுதியைச் சேர்ந்த ஓவியர். 1400 ஆம் ஆண்டளவில், ஓவியம் பழக வரும் மாணவருக்காக அவர் ஒரு கைந்நூல் எழுதினார். குருவின் ஓவியத்தின்மேல் ஒளிகசியும் தாளை வைத்து, அதன் கோடுகளைப் பிரதி எடுத்துப் பழகுவதற்கு மூன்று வழிகளை அதில் அவர் தருகிறார்.

முதலாவது தோல். வெள்ளாட்டுக் குட்டியின் தோலை வாங்கி, இனிச் சுரண்டினால் கிழிந்துவிடும் என்ற அளவுக்கு மெல்லியதாகச் சுரண்டுவித்து, ஆளிவிதை எண்ணெய் பூசிப் பல நாட்கள் காயவிட வேண்டும். இரண்டாவது பசை. எண்ணெய் தடவிய வழுவழுப்பான கல்லின்மீது காய்ச்சிய பசையை ஊற்றிப் பரப்பி, காய்ந்ததும் ஏடாக உரித்தெடுக்க வேண்டும். மூன்றாவது, பஞ்சுத் தாள் என்று அவர் குறிப்பிடும் தாள். மிக மெல்லியதாகவும் வெண்மையாகவும் உள்ள தாளைத் தேர்ந்து, அதற்கும் அதே ஆளிவிதை எண்ணெயைப் பூச வேண்டும்.

இன்று கைப்பணிக் கடைகளில் “வெலம்” என்ற பெயரில் விற்பனையாவது சென்னினியின் மூன்றாவது வகைக்கு உறவு; பெயர் மட்டுமே முதலாவது வகைக்கு உரியது. வெலம் என்ற சொல்லுக்கு மூலம் கன்று என்னும் பொருள்தரும் பழைய பிரெஞ்சுச் சொல். கன்றின் தோலில் பதமிட்ட எழுதுபொருளே உண்மையான வெலம். பிரித்தானிய நாடாளுமன்றத்தின் சட்டங்களை இந்தத் தோலில் அச்சிட்டுப் பேணும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது. 2017 முதல் மேலட்டைக்கு மட்டுமே தோல், உள்ளே தாள். நூற்றாண்டுகள் நிலைக்கும் தோலின் பெயரை, ஒரு பருவகாலம் நிலைத்தாலே போதும் என்று செய்யப்படும் தாள் ஏந்தி நிற்கிறது.

சென்னினியின் குறிப்பில் இரண்டு சங்கதிகள் முக்கியமானவை. ஒன்று, அவர் ஆளிவிதை எண்ணெயைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். அவருடைய நாட்டில் தாராளமாகக் கிடைத்த ஒலிவ எண்ணெயைத் தாளுக்குப் பூசச் சொல்லவில்லை. அது கல்லின்மேல் பசை ஒட்டாமலிருக்கத் தடவுவதற்கு மட்டுமே அவருக்கு உதவுகிறது. மற்றையது, எண்ணெயிட்ட தாளை அவர் பிரதி எடுக்கும் கருவியாக மட்டுமே காண்கிறார். கோடுகளைப் பெற்றுக்கொடுத்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. இந்த இரண்டையும் நான் காலம் பிந்தியே விளங்கிக்கொண்டேன்.

உலரும் எண்ணெய், உலராத எண்ணெய்

எண்ணெய்கள் எல்லாம் ஒரு சாதி அல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, சில நாட்களில் ஒரு மெல்லிய திண்மப் படலமாகிவிடும். தண்ணீர் உலர்வதுபோல ஆவியாகிப் போவது அன்று இது. எண்ணெய் தான் இருந்த இடத்திலேயே வேறொரு பொருளாக மாறிவிடுகிறது. நமது தேங்காயெண்ணெய் அப்படி மாறாது. எண்ணெயின் இந்தக் குணத்தை அளக்க வேதியியலாளர்கள் அயடீன் எண் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170 க்கு மேல். தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 10. நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. கிரிக்கெற் மட்டைக்கு லின்சீட் எண்ணெயைப் பூசுகிறோமே தவிர, தேங்காயெண்ணெயைப் பூசுவதில்லை. அந்த லின்சீட்தான் ஆளிவிதை.

எண்ணெய்த் தாளை நன்றாகப் பயன்படுத்திய சமூகங்கள் எல்லாம் தத்தம் மண்ணில் உலரும் எண்ணெய் எது என்பதைக் கண்டுபிடித்தே அதைச் செய்தன. சீனர்களுக்குத் துங் மரத்தின் விதை எண்ணெய் வாய்த்தது. மூங்கில் கம்பிகளின்மேல் தாள் ஒட்டி, துங் எண்ணெய் பூசிய குடை அவர்களுடையது. யப்பானியருக்கும் கொரியருக்கும் பெரில்லா என்ற செடியின் விதை எண்ணெய் கைகொடுத்தது. யப்பானியக் குடையும் கொரிய வீடுகளின் எண்ணெயிட்ட தரைத்தாளும் அதன் வழிவந்தவை. மழைக்கும் மிதிபாட்டுக்கும் ஈடுகொடுக்கும் தாள் என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். கொரியாவில் 15 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜொன் சுன்-உய் என்ற அரச மருத்துவர் எழுதிய ஒரு நூல், எண்ணெயிட்ட தாளை யன்னலாக வைத்து, தரைக்கடியில் சூடேற்றி, குளிர்காலத்தில் மரக்கறி வளர்க்கும் வீடு ஒன்றைக் கட்டும் முறையைச் சொல்கிறது. கண்ணாடி இல்லாமலே கண்ணாடி வீட்டின் வேலையைத் தாள் செய்திருக்கிறது.

ஐரோப்பாவிலும் கண்ணாடி வாங்க வசதியற்றவர்களின் யன்னல்களில் எண்ணெயிட்ட தாளும் துணியும் இருந்தன. 1620 இல் மேபிளவர் கப்பலில் வட அமெரிக்கா சென்று குடியேறியவர்களுள் ஒருவரான எட்வேட் வின்ஸ்லோ, மறு ஆண்டு டிசெம்பரில் இங்கிலாந்திலிருந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னால் வரவிருப்போர் எவற்றைக் கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலில், யன்னல்களுக்கெனத் தாளும் ஆளிவிதை எண்ணெயும் கொண்டுவரும்படி சொல்கிறார். புதிய நாட்டுக்குக் கப்பல் ஏறும் அகதி தன் பெட்டியில் வெளிச்சத்தையும் மடித்து வைத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

நமது மண்ணின் எழுதுபொருளாக இருந்த பனையோலைக்கும் எண்ணெய் பூசினார்கள். ஆனால் அது ஒளிகசிவதற்காக அன்று. ஓலை முறியாமலும் பூச்சி அரிக்காமலும் இருப்பதற்காக. தமிழ்நாட்டில் எலுமிச்சம்புல் எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்கள், இலங்கையின் சிங்கள விகாரைகளில் தும்மல எனப்படும் பிசினிலிருந்து வடித்த எண்ணெய் என்பன இதற்கு உதவின. இவை சமையல் எண்ணெய்கள் அல்ல. ஏடு காத்தவர்களுக்கு எந்த எண்ணெயை எதற்குப் பூசுவது என்ற தெளிவு இருந்தது. அந்தத் தெளிவை நாம் அடுப்படியோடு கலந்துவிட்டோம்.

தஞ்சாவூரில் ஒரு கப்டன்

எண்ணெய்க்கு நெருங்கிய உறவான மெழுகும் தாளை இதே முறையில் திறந்துவிடும். தமிழரின் வரலாற்றுக்கு இந்தத் தொழில்நுட்பம் செய்த உதவி ஒன்று உண்டு.

ஒளிப்படக்கலை பிறந்த காலத்தில், இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் ரல்பொட் 1841 இல் காப்புரிமை பெற்ற முறையில் எதிர்ப்படி தாளிலேயே உருவானது. தாளின் ஊடாக வெளிச்சத்தைச் செலுத்தித்தான் நேர்ப்படி எடுக்க வேண்டும். சாதாரண தாளில் அது மங்கலாகவே வரும். ஆகவே எதிர்ப்படிக்கு மெழுகூட்டினார்கள். பிரான்சின் குஸ்தாவ் லு கிறே 1851 இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒளி உணர் மருந்து பூசுவதற்கு முன்னரே தாளைத் தேன்மெழுகில் தோய்த்து, வெந்நிலையில் அழுத்தி மிகை மெழுகை நீக்கும் முறையை வெளியிட்டார். அப்படி ஆயத்தப்படுத்திய தாள் நாட்கணக்கில் கெடாமல் இருந்ததால், தூரப் பயணம் செய்யும் ஒளிப்படக்காரருக்கு அது பெரும் வசதியாயிற்று.

சென்னை இராணுவத்தின் அதிகாரியும் அரசாங்க ஒளிப்படக்காரருமாக இருந்த கப்டன் லினேயஸ் ட்ரைப், 1858 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குத் தம் பெரிய கமராவைக் கொண்டுசென்றார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். 1010 இல் நிறைவுற்ற கோயிலுக்குத் தானும் தன் தமக்கையும் தேவியரும் மற்றையோரும் கொடுத்தவற்றைக் கல்லிலே வெட்டும்படி முதலாம் இராசராசன் ஆணையிட்ட கல்வெட்டுகள் அவை. அவற்றை ஹூல்ஷ் வாசித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891 இல். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்னரே, அந்த எழுத்துகள் மெழுகிட்ட தாளினூடாக வெளிச்சத்துக்கு வந்துவிட்டன.

ட்ரைப்பின் பணி நீடிக்கவில்லை. சென்னை ஆளுநராக வந்த சேர் சாள்ஸ் ட்ரெவெலியன், செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் 1859 இல் அந்த ஒளிப்பட முயற்சியை நிறுத்தினார். எனினும் ட்ரைப் இரண்டு காரியங்களைச் சரியாகச் செய்திருந்தார். எதிர்ப்படிகளைக் கவனமாகப் பேணினார். அவற்றில் பல இன்றும் பிரித்தானிய அருங்காட்சியகத் தொகுப்புகளில் உள்ளன. அதைவிட முக்கியமாக, அவற்றிலிருந்து பல பிரதிகள் எடுத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். எதிர்ப்படி ஒருவேளை அழிந்திருந்தாலும் எழுத்து பிழைத்திருக்கும்.

இதற்கு எதிர்மாறான அனுபவம் பொறியியலாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் அவர்கள் வரைபடங்களைப் பிரதி செய்ய எண்ணெயும் பிசினும் ஊட்டிய தாள்களையே பெரிதும் பயன்படுத்தினர். இன்று ஆவணக் காப்பகங்களுக்குப் பெருந்தலையிடி தருபவை அவையே. உலரும் எண்ணெய் உலர்ந்ததோடு நின்றுவிடுவதில்லை. ஒட்சிசனுடனான அதன் வேலை மெல்ல மெல்லத் தொடர்ந்து, தாளை முதலில் மஞ்சளாக்கி, பின்னர் கபிலமாக்கி, ஈற்றில் அப்பளம்போல நொறுங்கச் செய்கிறது. எண்ணெயே இல்லாமல், தாளைச் சல்பூரிக் அமிலத்தில் தோய்த்தோ, கூழை மிகையாக அடித்து இடுக்குகளை அடைத்தோ ஒளிகசியும் தாள் செய்யும் முறைகள் அதே நூற்றாண்டில் வந்தன. இன்று கடையில் வாங்கும் வெலம் தாள்களில் பெரும்பாலானவை இந்த வழிவந்தவை.

தேங்காயெண்ணெயும் வெயிலும்

இனி என் கதைக்கு வருகிறேன்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை இறுகியது. மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம் என்று நீண்ட தடைப் பட்டியலில் பத்திரிகைத் தாளும் அச்சுப் பொருள்களும் அகப்பட்டன. பத்திரிகைகள் கிடைத்த தாளில் எல்லாம் அச்சாகின. பள்ளிக் கொப்பிக்கான கோடிட்ட தாளில், கோடுகளுக்குக் குறுக்கே செய்தி ஓடும். அந்தப் பத்திரிகைகளைக் கையில் பிடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். பின்னேரங்களில் ஒரு சிறிய பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்காளனாக வேலை செய்தேன். அங்கே பழைய ஒஃப்செற் இயந்திரம் ஒன்று இருந்தது. தகட்டில் எழுத்தைப் பதிப்பதற்கு பிலிம் வேண்டும். பிலிம் இல்லை. எங்கள் அச்சுக்கூடத்தின் மூத்த தொழிலாளி, நாங்கள் எல்லோரும் பெரியண்ணை என்று அழைத்தவர், அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்.

ஈய எழுத்தில் கோத்த பக்கத்தை, இருப்பதற்குள் மெல்லிய தாளில், நல்ல கறுப்பாக ஒரு படி எடுப்பார். தாளின் பின்புறத்தில் பஞ்சினால் தேங்காயெண்ணெயை ஒற்றுவார். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் எழுத்துக் கலங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் தாள் கண்ணாடிபோலத் தெளியும், எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும். ஒளி உணர் பூச்சுப் பூசிய தகட்டின்மேல் அதைப் பரப்பி, மேலே ஒரு யன்னல் கண்ணாடியை வைத்து அழுத்தி, முற்றத்து வெயிலில் வைப்பார். மின்விளக்குச் செய்யவேண்டிய வேலையைச் சூரியன் செய்தது. எத்தனை நிமிடம் என்பதை அவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. தன் புறங்கையை வெயிலில் நீட்டிப் பார்த்துச் சொல்வார். மழைக்கால மந்தாரத்தில் பத்திரிகை பிந்தும். எழுத்தின் ஓரம் சிறிது பரவித்தான் வரும். ஆனாலும் வாசிக்கலாம்.

பெரியண்ணைக்குத் தேங்காயெண்ணெய் உலராது என்பது தெரியாமலில்லை. “எங்களுக்கு இது ஒரு மத்தியானத்துக்குத் தாக்குப்பிடித்தால் காணும், தம்பி” என்பார். லின்சீட் எண்ணெயைத் தேட வழியில்லை. தென்னை நம்மிடம் இருந்தது. தகடு ஆனதும் எண்ணெய்த் தாள்களை அடுப்பு மூட்டக் கொடுத்துவிடுவார். அவர் செய்தது சரி. பிழையான வேலையைச் செய்தவன் நான்.

அச்சான பிரதிகள் மிகக் குறைவு. அலுவலகக் கோப்புக்கு ஒரு பிரதி மிஞ்சுவதே சில நாட்களில் பெரும்பாடு. அதனால் மரண அறிவித்தல்கள் வந்த பக்கங்களின் எண்ணெய்த் தாள்களை நான் அடுப்புக்குப் போகவிடாமல் வாங்கிச் சேர்த்தேன். குண்டுவீச்சிலும் ஷெல் வீச்சிலும் இறந்தவர்கள், கடல் நீரேரியைக் கடக்கையில் இறந்தவர்கள், மருந்தில்லாமல் இறந்தவர்கள் ஆகியோரின் பெயர், ஊர், வயது, உறவினர் பெயர்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. பிற்காலத்தில் ஒரு நாள் யாரேனும் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் பிழையன்று. ஆனால் ஈரம் காயாத எண்ணெய்த் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நூலால் கட்டி, றங்குப்பெட்டியில் வைத்தேன். பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம் என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றவில்லை. தாள்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. துவிச்சக்கர வண்டியின் பின்னால் அந்தப் பெட்டியும் வந்தது. மறு ஆண்டு ஊர் திரும்பும்போது அதைத் திருப்பியும் கொண்டுவந்தேன். அலுவலகக் கோப்புகளும் பெரியண்ணையின் ஈய எழுத்துகளும் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே என்னிடம் இருந்த கட்டுத்தான் எஞ்சிய ஒரே பதிவு என்ற பெருமிதம் எனக்கு இருந்தது. அதை அவிழ்த்துப் பார்க்காமலே அந்தப் பெருமிதத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

போர்நிறுத்தக் காலத்தில், 2003 இல், ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் இறந்த மகனின் மரணம் அந்தக் காலக் குழப்பத்தில் பதியப்படவே இல்லை. பிந்திப் பதிவதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பத்திரிகையில் அறிவித்தல் கொடுத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மாதமும் சொன்னார். நான் அவரை இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

காறல் மணம் முகத்தில் அடித்தது. கட்டு, தாள்களாக இல்லை. கபில நிறத்தில் ஒரே பாளமாக இருந்தது. உலராத எண்ணெய் ஒரு தாளின் மையை இளக்கி மற்றத் தாளில் ஏற்றியிருந்தது. கரப்பானும் பூச்சியும் ஓரங்களை அரித்திருந்தன. கத்தி நுனியால் பிரிக்க முயன்றபோது துண்டு துண்டாக உதிர்ந்தது. மலிவான தாள் எண்ணெய் இல்லாவிட்டாலும் பழுப்பாகியிருக்கும் என்பது உண்மை. ஆனால் வாசிக்கக் கூடியதாக இருந்திருக்கும். ஒளிகசியும் தாள்கள் ஒட்டிக்கொண்டதில், பத்துப் பன்னிரண்டு பேரின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்து வாசிக்க முடியவில்லை. ஓர் ஊரின் பெயர் மட்டும் தனியே தெரிந்தது. அது அவருடைய ஊர் அல்ல.

வெளியே வந்து, “இல்லை அம்மா” என்றேன். “இருந்ததோ?” என்று கேட்டார். “இருந்தது” என்றேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் பெறாமகளுக்குச் சொன்னவை

அந்தத் தாயின் முகத்தைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. ஆகவே பெறாமகளுக்கு விளக்குக் கூட்டை மட்டும் சொன்னேன். இதே வேலையில் இறங்கும் வாசகருக்கும் அது உதவக்கூடும்.

மெல்லிய, வழுவழுப்பான வெள்ளைத் தாளை எடுங்கள். சமையல் எண்ணெயை விடுத்து, ஓவியப் பொருள் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெயை வாங்குங்கள். மிகக் கொஞ்சமாகப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். கால்மணி நேரத்தில் மிகை எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். காற்றோட்டமான இடத்தில் கொடியில் தொங்கவிட்டு, ஒரு கிழமையாவது பொறுத்திருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவிடும். சுருண்ட துணி தானாகவே தீப்பற்றக் கூடியது. விரித்துக் காயவிட்டோ, தண்ணீரில் ஊறவைத்தோ அப்புறப்படுத்துங்கள். உள்ளே மெழுகுதிரி வேண்டாம். சிறிய மின்விளக்கு வையுங்கள்.

இன்னொன்றையும் சொன்னேன். குழந்தை அந்தத் தாளில் படமோ பெயரோ எழுதினால், அதை வேறொரு நல்ல தாளிலும் எழுதி வைத்துவிடச் சொன்னேன். “ஏன் சித்தப்பா?” என்றாள். எண்ணெய்த் தாள் வெளிச்சம் காட்டத்தான், வைத்திருக்க அல்ல என்றேன்.

இப்போது ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்க்கும் பணி நடக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அதில் முன்னிற்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, ஒரே ஒரு படியை வைத்து நம்பியிருக்கக் கூடாது என்பதை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆயினும் நான் மறந்தேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் 1990 முதல் 1995 வரையான யாழ்ப்பாணப் பத்திரிகை ஏதாவது இருந்தால், அது கோடிட்ட கொப்பித் தாளில் வந்ததாயினும், வடை சுற்றிய துண்டாயினும், இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரு பிரதி எடுத்து, பார்க்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

அந்தப் பாளம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. சில வேளைகளில் அதிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டை எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். எண்ணெய் இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, வெளிச்சம் கசிகிறது. எழுத்துகளும் இருக்கின்றன. யாருடைய பெயர் என்றுதான் சொல்ல முடியவில்லை.